லபூட்டாவின் பணிப் பதிவேடு

ஈர்ப்பு விசையை வென்று வானில் நிற்கும் கலம் என்று பேச்சு எடுத்தால் எச். ஜி. வெல்ஸிடம் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. 1901-ல் வெளிவந்த அவருடைய சந்திர நாவலில் காவர் என்கிற விஞ்ஞானி ஈர்ப்பைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அதனால் செய்த திரைகளைத் திறந்தும் மூடியும் ஓர் உருண்டை வண்டியைச் சந்திரனுக்கு ஓட்டுகிறார்கள். நல்ல கதை. ஆனால் அந்த வண்டிக்கு ஓர் உத்தியோகமும் கிடையாது. போகிறது, வருகிறது. அதற்கு 175 வருஷங்களுக்கு முன்பே, 1726-ல், உத்தியோகம் உள்ள ஒரு கலத்தை ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிவிட்டார். கலிவரின் மூன்றாவது பயணத்தில் வரும் லபூட்டா என்ற பறக்கும் தீவைத்தான் சொல்கிறேன். வானசாஸ்திரிகளையும் கணித மேதைகளையும் கேலி செய்யப் போட்ட மேடை என்று அதைப் படித்துப் பழகியிருக்கிறோம். என் எண்ணம் வேறு. லபூட்டா ஒரு ராணுவக் கலம். சொந்த ஜனங்கள்மேல் ரோந்து போகிற கலம். அதற்குக் கட்டுமான விவரம் உண்டு, பறக்கும் எல்லை உண்டு, நிலையான கட்டளைகள் உண்டு, ஒரே ஒரு பெரிய தோல்வியும் உண்டு. அந்தத் தோல்வி எழுதப்பட்ட பக்கம் 173 வருஷம் அச்சேறவில்லை.

நம்மவர்களுக்குப் புஷ்பக விமானம் ஞாபகம் வரும். வரட்டும். குபேரனிடமிருந்து ராவணனுக்கும் ராவணனிடமிருந்து ராமனுக்கும் கைமாறிய அது ஒரு சொத்து. ஏறினவரைக் கொண்டுபோய் இறக்கிவிடும் வாகனம். அதன் நிழல் விழுந்த ஊர்களில் என்ன நடந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஸ்விஃப்டுக்கு நிழல்தான் ஆரம்பம். ஆளில்லாத ஒரு பாறைத் தீவில் ஒதுங்கிக் கிடக்கும் கலிவர் லபூட்டாவை முதலில் அறிவது திடீரென்று கவிகிற இருட்டாக. இரண்டு மைல் உயரத்தில் வந்து நின்று ஆறேழு நிமிஷம் சூரியனை மறைத்துவிடுகிறது. பிறகுதான் அது ஒரு பொருள், அதன்மேல் மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்று தெரிகிறது. அடி மாடத்தில் சிலர் நீண்ட தூண்டில்களைத் தொங்கவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த மாடம் ஞாபகத்தில் இருக்கட்டும். பின்னால் வேலை இருக்கிறது.

கலத்தின் விவரங்கள். துல்லியமான வட்டம். குறுக்களவு 7,837 கஜம். இன்றைய கணக்கில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பருமன் 300 கஜம். அடித்தட்டு முழுக்க ஒரே துண்டு வயிரப் பாறை, 200 கஜ உயரத்துக்கு. அதன்மேல் கனிமங்கள் வழக்கமான வரிசையில். எல்லாவற்றுக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு அடிக்கு நல்ல மண். பரப்பு பத்தாயிரம் ஏக்கர் என்கிறான் கலிவர். பெருக்கிப் பார்த்தேன்: 9,966 ஏக்கரும் சொச்சமும் வருகிறது. கிண்டல் செய்ய உட்கார்ந்தவர் கணக்கில் கவனமாக இருந்திருக்கிறார். மேற்பரப்பு விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சரிவதால் மழையும் பனியும் ஓடைகளாகி நான்கு பெரிய குளங்களில் சேரும். பகல் வெயில் நீரை உறிஞ்சிவிடுவதால் குளம் வழியாது. நடுவில் ஐம்பது கஜ அகலத்தில் ஒரு பிலம். அதில் இறங்கினால் இருபது விளக்குகள் ஓயாமல் எரியும் வானசாஸ்திரிகளின் குகை. அங்கேதான் கலத்தின் உயிர் இருக்கிறது: நெசவுத் தறியின் நாடா வடிவத்தில் ஆறு கஜ நீளமுள்ள ஒரு காந்தக்கல். வயிர அச்சு ஒன்று நடுவே ஊடுருவித் தாங்குகிறது. அவ்வளவு நுட்பமான சமநிலை. மிகப் பலவீனமான கையும் அதைத் திருப்பிவிடலாம். கல்லின் ஒரு முனை தரையை இழுக்கும், மறுமுனை தள்ளும். இழுக்கும் முனையைக் கீழே திருப்பினால் தீவு இறங்கும். தள்ளும் முனையைத் திருப்பினால் ஏறும். சாய்த்துப் பிடித்தால் சாய்வாக நகரும். கிடையாக வைத்தால் நின்றுவிடும்.

இந்த யந்திரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி மார்ஜரி நிக்கல்ஸனும் நோரா மோலரும் 1937-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி 1600-ல் வெளியிட்ட லத்தீன் நூல்தான் வேர் என்பது அவர்கள் தரப்பு. கில்பர்ட் காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து அதற்குக் குட்டிப் பூமி என்று பெயர் வைத்துச் சோதனை செய்தவர். பூமியின் குறுக்களவு மைல் கணக்கில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். லபூட்டாவினுடையது கஜக் கணக்கில் 7,837. மேலே மிதப்பதும் ஒரு குட்டிப் பூமிதான். ஆக, இது மந்திரக் கம்பளம் அல்ல. அன்றைய பௌதிகம் தெரிந்தவர் அதை வைத்தே கட்டியது.

இங்கே நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. லபூட்டா நான்கு மைலுக்கு மேல் ஏறாது. அரசனின் ராஜ்யத்தைத் தாண்டியும் நகராது. காரணம், காந்தக்கல்லோடு வினைபுரியும் கனிமம் அந்த ராஜ்யமான பல்னிபார்பியின் மண்ணுக்கடியிலும், கரையிலிருந்து ஆறு லீக் தூரம்வரை கடலுக்கடியிலும் மட்டுமே இருக்கிறது. அண்டை நாட்டின்மேல் படையெடுக்க இந்தக் கலம் பிரயோஜனப்படாது. அது ஆள்கிற மண்ணேதான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெல்ஸின் காவர் ஈர்ப்பைத் திரைபோட்டு அறுத்துக்கொண்டு போய்விட முடிகிறது. லபூட்டாவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒருவகையில் இதைவிட யோக்கியமான யந்திரத்தை யாரும் கற்பனை செய்ததில்லை என்றே சொல்வேன். எடை எங்கே போகிறது என்பதை அது மறைப்பதில்லை.

சாதாரண நாட்களில் அதன் வேலை இப்படி. அரசன் சில ஊர்களுக்கு மேல் தீவை நிறுத்தச் சொல்கிறான். நுனியில் சிறு எடை கட்டிய நூல்கள் கீழே இறங்குகின்றன. ஜனங்கள் தங்கள் மனுக்களை அதில் கோத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பட்ட நூலில் ஏற்றிவிடும் காகிதத் துண்டுகளைப்போல அவை மேலே போகின்றன. சில சமயம் மதுவும் உணவும் கப்பியில் ஏறும். கீழே தலைநகரமான லகாடோவுக்குத் தொண்ணூறு லீக். போய்ச்சேர நாலரை நாள் ஆயிற்று என்கிறான் கலிவர். லீக் ஒன்றுக்கு மூன்று மைல் வைத்தால் மணிக்கு இரண்டரை மைல். ஒரு சம்சாரி சந்தைக்கு நடக்கிற வேகம்கூட இல்லை. வானத்திலிருந்து ஆளும் அரசாங்கம் தரையில் நடப்பவனைவிட மெதுவாகத்தான் வருகிறது. வந்தால் போவதில்லை என்பதுதான் அதன் பலம்.

கலத்தின் அதிகாரிகளையும் பார்க்க வேண்டும். ஒரு கண் உள்நோக்கியும் மறு கண் நேரே உச்சி வானத்தை நோக்கியும் திரும்பியிருக்கும் மனிதர்கள். அருகில் பேசுகிறவரைக் கவனிக்க வேண்டுமென்றால், சிறு கூழாங்கல்லோ உலர்ந்த பட்டாணியோ போட்ட தோல் பையைக் கோலில் கட்டிவைத்துக்கொண்டு ஒரு வேலைக்காரன் வாயிலும் காதிலும் தட்டி எழுப்ப வேண்டும். இந்தக் கேலி பிரசித்தமானது, விளக்க வேண்டியதில்லை. இவர்கள் கையில் மிகச் சிறந்த தொலைநோக்கிகள் இருக்கின்றன. செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். (அஸாஃப் ஹால் உண்மையிலேயே அவை இரண்டையும் கண்டது 1877-ல். இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு ஸ்விஃப்டைத் தீர்க்கதரிசியாக்கும் சில்லறைக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை.) வானத்தில் அவ்வளவு பார்த்தவர்கள், உச்சிக்கு நேர் எதிர்த் திசையில் இருப்பதைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மனைவிகள் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாவின் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது என்ற நிலையில், மந்திரியின் மனைவி ஒருத்தி லகாடோவுக்கு ஓடிப்போய், தினமும் தன்னை அடிக்கிற ஒரு கிழட்டு வேலைக்காரனோடு யாருமறியாத சாப்பாட்டுக் கடையில் ஒளிந்திருந்தாள் என்று ஸ்விஃப்ட் எழுதுகிறார். பெண்களைப் பற்றிய அவருடைய வழக்கமான கசப்பு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கோ, அந்தத் தட்டின்மேல் வாழ்வது எப்படிப்பட்டது என்பதற்கு நூலில் இருக்கும் மிகத் துல்லியமான சாட்சியம் இவள்தான்.

இனித் தண்டனை முறைகள். ஓர் ஊர் கலகம் செய்தால், கட்சி கட்டிச் சண்டையிட்டால், வழக்கமான கப்பம் கட்ட மறுத்தால் அரசனுக்கு இரண்டு வழி. முதலாவது, சாந்தமான வழி என்று சொல்லப்படுவது: ஊருக்கு மேல் தீவை நிறுத்திவைப்பது. வெயில் கிடையாது, மழை கிடையாது. பஞ்சமும் நோயும் தானே வரும். குற்றம் பெரிதென்றால் கூடவே மேலிருந்து பெருங்கற்கள் விழும்; ஜனங்கள் நிலவறைகளிலும் குகைகளிலும் பதுங்க, கூரைகள் நொறுங்கும். அப்போதும் பணியவில்லையானால் கடைசி வழி. தீவையே அவர்கள் தலைமேல் இறக்கிவிடுவது.

கடைசி வழி அபூர்வமாகத்தான் யோசிக்கப்படுகிறது. மந்திரிகளுக்கு நிலபுலன்கள் கீழே இருக்கின்றன, மேலே இருப்பது ராஜாவின் சொந்த மண் மட்டும். ஆகவே அவர்கள் சம்மதிப்பதில்லை. இதைவிடக் கனமான காரணம் இன்னொன்று. பெரிய ஊர்களில் உயர்ந்த பாறைகளும் கோபுரங்களும் கல்தூண்களும் இருக்கும். வேகமாக இறங்கினால் வயிர அடித்தட்டு விரிசல் விடலாம். வீடுகளின் நெருப்புக்கு மிக அருகே போனால் வெடிக்கலாம். விரிசல் விட்டால் காந்தக்கல் தாங்காது, முழுப் பாரமும் தரையில் விழும். ஆகவே ஓர் ஊரை நசுக்கியே தீருவது என்று தீர்மானித்த நாளிலும் அரசன் மிக மெதுவாக இறங்கச் சொல்கிறான். குடிகள்மேல் இரக்கம் என்று வெளியே பேச்சு. கருணை என்று அறிவிக்கப்படுவதற்குள் தன் அடித்தட்டைப் பற்றிய பயம் இருப்பதை ஸ்விஃப்ட் ஒரே வாக்கியத்தில், குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு நகர்கிறார்.

1726-ல் லண்டனில் பெஞ்சமின் மாட் வெளியிட்ட பதிப்பில் கலத்தின் கதை இத்தோடு நின்றது. எங்கும் தோற்காத ஒரு யந்திரம், அது தோற்கக்கூடும் என்று ஓர் அனுமானம், அவ்வளவுதான். வாசகன் அடுத்த அத்தியாயங்களில் லகாடோவின் பைத்தியக்கார விஞ்ஞானக் கழகத்துக்குப் போய்விடுகிறான். டாக்டர் ஜான்ஸன் இந்த மூன்றாம் பாகம்தான் வாசகர்களுக்கு மிகக் குறைந்த சந்தோஷம் தந்தது என்று எழுதினார். ஸ்விஃப்டின் நண்பர் ஆர்பத்நாட்டும், புத்தகம் வந்த சில வாரங்களிலேயே, யந்திரக்காரர்களைப் பற்றிய பகுதி மற்றவற்றைப்போல் சோபிக்கவில்லை என்று அவருக்கே கடிதம் எழுதினார். பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் நான்-டீடெய்லாகப் படித்த கலிவர் குள்ளர்களோடும் ராட்சதர்களோடும் முடிந்துவிட்டது. மூன்றாம் பாகம் சிதறிக் கிடக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் முதுகெலும்பை எடுத்துவிட்டு உடம்பு நிமிரவில்லை என்று குறை சொல்வது என்ன விமர்சனம்?

எடுக்கப்பட்ட எலும்பு இது. கலிவர் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு அரசன் தன் ராஜ்யத்தைச் சுற்றிவரப் புறப்படுகிறான். முதலில் பார்த்த ஊர் லிண்டலீனோ, ராஜ்யத்தின் இரண்டாவது நகரம். அவன் போன மூன்றாம் நாள் நகரத்தார் கதவுகளைச் சாத்துகிறார்கள். நெடுநாளாகக் கொடுமைகளைச் சொல்லி முறையிட்டவர்கள். கவர்னரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நகரம் ஒரு துல்லியமான சதுரம். நடுவில் கூர்மையான ஒரு பாறை. அந்தப் பாறையின் உயரத்துக்கு நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்களை நம்பமுடியாத வேகத்தில் கட்டுகிறார்கள். ஒவ்வொரு கோபுர உச்சியிலும் பாறை உச்சியிலும் ஒரு பெரிய காந்தக்கல்லைப் பதிக்கிறார்கள். அது பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று எளிதில் பற்றி எரியும் பொருள்களையும் குவித்துவைக்கிறார்கள். அடித்தட்டை நெருப்பால் வெடிக்கச் செய்யலாம்.

கலகம் நடப்பது அரசனுக்கு முழுதாகத் தெரியவர எட்டு மாதம் ஆகிறது. செவ்வாயின் துணைக்கோள்களைப் பார்த்த கண்களுக்கு!

தீவு வந்து நிற்கிறது. பல நாள் வெயிலும் மழையும் இல்லை. நகரத்தில் தானியம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நடுவே பெரிய ஆறு ஓடுகிறது, கவலையில்லை. வழக்கம்போல் நூல்கள் இறங்குகின்றன. ஒரு மனுவும் ஏறவில்லை. கோரிக்கைகள் ஏறுகின்றன: குறைகளையெல்லாம் தீர்க்க வேண்டும், சலுகைகள் வேண்டும், கவர்னரை நாங்களே தேர்ந்தெடுப்போம். அரசன் தீவுவாசிகள் எல்லோரையும் கீழ் மாடத்திலிருந்து கல் எறியச் சொல்கிறான். முதலில் தூண்டில் போட்டு மீன் பிடித்தவர்களைப் பார்த்தோமே, அதே மாடம்தான். நகரத்தாரோ ஆட்களையும் சாமான்களையும் கோபுரங்களுக்குள்ளும் நிலவறைகளுக்குள்ளும் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். கடைசி வழிக்கு உத்தரவாகிறது. கோபுரங்களுக்கு நாற்பது கஜம் மேலே வரை மெதுவாக இறங்க வேண்டும். இறங்குகிறபோது அதிகாரிகளுக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது: வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறது, காந்தக்கல்லைத் திருப்பினாலும் நிலையாக நிறுத்துவது பெரும்பாடாகிறது, தீவு விழப் பார்க்கிறது. அரசனுக்குச் சேதி போகிறது. ஏறிவிடலாம் என்று கெஞ்சி அனுமதி வாங்குகிறார்கள்.

பிறகு நடக்கும் சோதனையை நான் பல தடவை படித்திருக்கிறேன். வயதிலும் தேர்ச்சியிலும் மூத்த ஓர் அதிகாரி நூறு கஜக் கயிறு ஒன்றை எடுக்கிறார். அடித்தட்டின் அதே இரும்புக் கலப்புள்ள வயிரத் துண்டை அதன் நுனியில் கட்டி, கீழ் மாடத்திலிருந்து ஒரு கோபுரத்தை நோக்கி மெல்ல இறக்குகிறார். நாலு கஜம் இறங்குவதற்குள் கல் கீழ்நோக்கி இழுபடுகிறது. திரும்ப இழுப்பது மிகக் கடினமாகிறது. சின்னத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கிறார். எல்லாம் கோபுர உச்சிக்குப் பாய்கின்றன. மற்ற மூன்று கோபுரங்களிலும் பாறையிலும் அதே கதை. லபூட்டாவில் ஒரு விஞ்ஞானி உருப்படியாகச் செய்த ஒரே பரிசோதனை இது என்று நினைக்கிறேன். மனு வாங்க இறங்கிய நூல், மீனுக்கு இறங்கிய தூண்டில், இப்போது பயத்தை அளக்க இறங்கும் கயிறு. அரசன் நகரம் கேட்டதைக் கொடுக்கும்படி ஆயிற்று. தீவு இன்னும் சற்று இறங்கி எழும்ப முடியாமல் போயிருந்தால், அதை அங்கேயே என்றென்றைக்குமாகக் கட்டிப்போட்டு, அரசனையும் அவன் ஆட்களையும் கொன்று, ஆட்சி முறையையே மாற்றிவிடுவது என்று நகரத்தார் தீர்மானித்திருந்ததாக ஒரு பெரிய மந்திரியே கலிவரிடம் சொல்கிறார்.

லிண்டலீனோ என்ற பெயரில் 'லின்' இரண்டு முறை வருகிறது. இரட்டை லின், டப்ளின். ஸ்விஃப்ட் 1713 முதல் டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குரு. 1722-ல் வில்லியம் வுட் என்ற ஆங்கில வியாபாரிக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசுகளை அடிக்கும் உரிமை தரப்பட்டது. ராஜாவின் காமக்கிழத்தியான கெண்டல் சீமாட்டி வழியாகக் கைமாறிய உரிமை. அயர்லாந்துப் பாராளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1724-ல் ஸ்விஃப்ட் ஒரு ஜவுளிக் கடைக்காரரின் பெயரில் கடிதங்கள் எழுதினார்: அந்தக் காசை வாங்காதே. நான்காவது கடிதத்தை எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் என்று அரசாங்கம் அறிவித்தது. அச்சடித்தவர் சிறைக்குப் போனார். ஜூரிகள் குற்றம் சாட்ட மறுத்தார்கள். எழுதியவர் யார் என்று ஊருக்கே தெரிந்தும் ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. 1725-ல் வுட்டின் உரிமை ரத்தாயிற்று. அந்த 1724 ஜனவரியில்தான், குதிரைகளின் தேசத்தை முடித்துவிட்டுப் பறக்கும் தீவில் இருப்பதாக ஸ்விஃப்ட் தன் நண்பர் சார்லஸ் ஃபோர்டுக்கு எழுதுகிறார். மூன்றாம் பாகம் கடைசியாக எழுதப்பட்ட பாகம்.

நான்கு கோபுரங்கள் எந்தெந்த ஸ்தாபனங்கள், நடுப்பாறை தேவாலயமா, எரிபொருள் துண்டுப் பிரசுரங்களா என்று விடுகதை அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவிழ்த்து முடித்ததும் யந்திரம் காணாமல் போய்விடுகிறது. எனக்கு வேண்டியது யந்திரம். நகரத்தார் பெரிய பீரங்கி எதையும் கண்டுபிடிக்கவில்லை, கலத்தைத் தள்ளவில்லை. இழுக்கிறார்கள். அதைத் தாங்கும் விசை எதுவோ அதையே தங்கள் கோபுரத்தில் ஏற்றிவைக்கிறார்கள். காசைத் தடுக்க ஸ்விஃப்ட் சொன்ன வழியும் வாங்காமல் இருப்பதுதான். அரசியல் குறிப்பாகப் படித்தால் சின்னதாகிவிடும் விஷயம் பௌதிகமாகப் படிக்கும்போது பெரிதாகிறது.

பிரதியின் கதை சுருக்கமாக. மாட்டின் வீட்டு வாசலில் இருட்டில் ஒரு வாடகை வண்டியிலிருந்து கையெழுத்துப் பிரதி போடப்பட்டது. மாட் வழக்குக்குப் பயந்து பலவற்றை மாற்றினார். 1735-ல் டப்ளினில் ஜார்ஜ் ஃபாக்னர் வெளியிட்ட பதிப்பு பலவற்றைச் சரிசெய்தது. லிண்டலீனோ அதிலும் இல்லை. டப்ளினில், டப்ளின்காரர் அச்சிட்ட புத்தகத்திலேயே இல்லை. ராஜாவைக் கொல்வது பற்றிய வாக்கியம் ஒன்று போதும், காரணம் தேடிப் போக வேண்டாம். அந்தப் பகுதி பிழைத்தது ஃபோர்டினால். முதல் பதிப்பின் பிரதி ஒன்றில் ஏடுகளுக்கிடையே வெற்றுத்தாள் சேர்த்துத் தைத்து அவர் திருத்தங்களை எழுதிவைத்திருந்தார். அது பிறகு லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஃபார்ஸ்டர் சேகரிப்பில் வந்து சேர்ந்தது. அதிலிருந்து எடுத்து 1899-ல்தான் அச்சிட்டார்கள்.

அச்சேறிய இருபதே வருஷத்தில் வானம் உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. 1919 ஏப்ரல் 14, ஜாலியன்வாலாபாகுக்கு மறுநாள், லாகூரிலிருந்து போன விமானங்கள் குஜ்ரன்வாலாமேலும் சுற்றுக் கிராமங்கள்மேலும் குண்டு வீசி, யந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. 1920-ல் சோமாலிலாந்தில் ஒரு டஜன் விமானங்கள் முகமது அப்துல்லா ஹசனின் கோட்டைகளைத் தாக்கின. சில வாரங்களில் வேலை முடிந்தது. இவ்வளவு மலிவா என்று லண்டன் ஆச்சரியப்பட்டது. 1921 மார்ச்சில் சர்ச்சில் கூட்டிய கெய்ரோ மாநாட்டின் முடிவுப்படி 1922 அக்டோபரில் இராக்கின் பாதுகாப்பு முழுவதும் விமானப் படையின் கைக்குப் போயிற்று. முதலில் எச்சரிக்கைச் சீட்டு விழும். பணியாவிட்டால் வீடுகள்மேலும் ஆடுமாடுகள்மேலும் குண்டு. 1923 இறுதியில் ஸமாவா பக்கம் வரி கட்டாத இனக்குழுக்கள்மேல் போட்டார்கள். கிராமத்தார் விளைநிலத்துக்குத் திரும்ப முடியாமல் நாள்கணக்கில் அடிப்பதற்குத் தலைகீழ் முற்றுகை என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். சாந்தமான வழி, உயிர்ச்சேதம் குறைவு என்பதுதான் இதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. ஸ்விஃப்டைப் படித்துவிட்டுத் திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1925-ல் தெற்கு வஜீரிஸ்தானில் தரைப்படை இல்லாமல் விமானங்களை மட்டும் வைத்து ஐம்பது நாளுக்குமேல் நடத்தினார்கள். அதே தெற்கு வஜீரிஸ்தானில், வானாவுக்கு அருகே, 2004 ஜூனில் அமெரிக்காவின் ஆளில்லா விமானம் பாகிஸ்தானில் முதல் தாக்குதலை நடத்தியது. லபூட்டாவின் குணம் இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது: வந்தால் போவதில்லை.

வட்டக் கலத்தையே கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் ஆவ்ரோ கம்பெனி அமெரிக்க ராணுவப் பணத்தில் 18 அடிக் குறுக்களவில் ஆவ்ரோகார் என்ற தட்டு ஒன்றைச் செய்தது. காந்தம் இல்லை, நடுவில் சுழலும் விசிறி. 1959 நவம்பரில் பறந்தது, மூன்றடிக்கு மேல் எழுந்தால் ஆட்டம் கண்டது, 1961-ல் கைவிட்டார்கள். ஸ்டான்லி குப்ரிக் 1964-ல் எடுத்த அணுகுண்டுப் படத்தில் அமெரிக்க விமானம் தேடிப் போகும் ருஷ்ய ஏவுகணைத் தளத்தின் பெயர் லபூட்டா. ஸ்விஃப்டின் கலம் அங்கே கீழே இருக்கிறது, குண்டு மேலிருந்து வருகிறது. 1986-ல் மியாஸாகியின் ஜப்பானியச் சித்திரப் படம் லபூட்டாவை ஆளற்ற ஆயுதமாக, மரம் முளைத்த இடிபாடாகக் காட்டியது. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி. ஆனால் அதிலும் லிண்டலீனோ இல்லை.

ஸ்விஃப்டின் நகரத்தில் எல்லோரும் ஒருமனமாக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. டப்ளின் அப்படி இருக்கவில்லை. அயர்லாந்தின் பெரும்பான்மையான கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை, உத்தியோகம் இல்லை. 1728-ல் ஓட்டும் போயிற்று. அவர்களை மிதித்து நிற்கும் திருச்சபையின் குருதான் ஸ்விஃப்ட். கோபுரங்களை அவ்வளவு வேகமாகக் கட்டிய கைகள் யாருடையவை, கவர்னரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களில் அவர்கள் இருந்தார்களா என்பதை அவர் எழுதவில்லை. கீழே இருப்பதற்குள்ளும் ஒரு கீழே உண்டு. இதைச் சொல்வதனால் அந்தக் கோபுரங்களின் உயரம் ஓர் அங்குலமும் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரதியில் ஒரு சின்ன விஷயம் பாக்கி. அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றுதான்: அந்நாட்டின் அடிப்படைச் சட்டப்படி அரசனோ அவனுடைய மூத்த மகன்கள் இருவருமோ தீவை விட்டு இறங்கக் கூடாது, ராணியும் பிள்ளை பெறும் வயது தாண்டும்வரை இறங்கக் கூடாது. மாட்டின் பதிப்பில் அது வயிரத்தட்டு உடைவது பற்றிய பாராவை அடுத்து வருகிறது. முதலாம் ஜார்ஜ் அடிக்கடி ஹனோவருக்குப் போய்வந்தது பற்றிய கேலி என்று உரையாசிரியர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். 1899-க்குப் பிறகு அதே வாக்கியம், தீவைக் கட்டிப்போட்டு அரசனைக் கொல்ல நகரம் தயாராக இருந்தது என்ற வரிக்கு நேர் கீழே வருகிறது.